அடிக்காத சுத்தியல்

கச்சேரி மேடையில் வந்து உட்கார்ந்ததும் வீணை வித்வான் முதலில் என்ன செய்கிறார்? பிரடையைத் திருகுகிறார். தந்தியை மீட்டிப் பார்க்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் திருகுகிறார். தம்புராக்காரர் மணியை நகர்த்துகிறார். மிருதங்கக்காரர் கல்லை எடுத்து வாத்தியத்தின் விளிம்பை ஒரு சுற்றுத் தட்டி முடிக்கிறார். சபையில் இருப்பவர்கள் அதற்குள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் சுருதி சேர்ப்பது வாசிக்கிறவருடைய பொறுப்பு. வாத்தியம் அவருடையது, சுருதியும் அவருடையது.

பியானோவின் சமாசாரம் வேறு. இன்றைய பியானோவில் 88 கட்டைகள். அவற்றுக்கு ஏறக்குறைய 230 தந்திகள். கீழ் ஸ்தாயியின் அடிமட்டத்தில் ஒரு கட்டைக்கு ஒரு தந்தி. கொஞ்சம் மேலே வந்தால் இரண்டு. அதற்கும் மேலே போனால் மூன்று. ஒவ்வொரு தந்தியும் ஓர் இரும்பு முளையில் சுற்றப்பட்டிருக்கிறது. இத்தனையையும் ரசிகர்களை உட்கார வைத்துக்கொண்டு மேடையில் சரிசெய்வது நடக்கிற காரியமா? ஆகையால் அதற்கென்று ஒரு மனிதர் தனியாக வருகிறார். மண்டபம் காலியாக இருக்கும்போது வருகிறார். கூட்டம் கூடுவதற்கு முன்னால் போய்விடுகிறார். கைதட்டலை அவர் கேட்பதில்லை. அவரைப் பற்றியும், அவர் கையில் இருக்கும் பையைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பையை நான் பார்த்தது சென்னையில் ஒரு நண்பர் வீட்டில். அவருடைய பாட்டனார் காலத்துப் பியானோ ஒன்று கூடத்தில் நின்றது. அதைச் சுருதி சேர்க்க வந்திருந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தோல் பையைத் திறந்து, ஒரு துணியை விரித்து, சாமான்களை வரிசையாக எடுத்து வைத்தார். ரப்பர் ஆப்புகள் நாலைந்து, சிவப்புக் கம்பளி நாடா ஒன்று, ஓர் இசைக்கவை, பிறகு மரக் கைப்பிடி போட்ட ஒரு நீண்ட இரும்புக் கருவி.

"இதற்கு என்ன பெயர், பெரியவரே?" என்று அந்த இரும்புக் கருவியைக் காட்டிக் கேட்டேன்.

"ஹாமர்னு சொல்லுவோம், சார்."

"சுத்தியலா? இதனால் எதை அடிப்பீர்கள்?"

"எதையும் அடிக்கிறதில்லே, சார். திருகறதுதான். ஆனா பேரு ஹாமர்தான். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னார்."

அவர் வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்கோ அந்தப் பெயர் மனத்தில் மாட்டிக்கொண்டது. அடிக்காத ஒன்றுக்குச் சுத்தியல் என்று ஏன் பெயர் வந்தது? இதைத் தேடிப் போனவனுக்குப் பியானோவின் சரித்திரம் முழுவதும் அந்தத் தோல் பைக்குள்ளேயே கிடைத்தது.

பியானோ பிறந்த ஊர் இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ். பதுவா நகரத்தில் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியக் கைவினைஞர் 1688-ல் மெடிசி வம்சத்து இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அரண்மனையில் 1700-ஆம் ஆண்டு எடுத்த சாமான் ஜாபிதாவில், மெதுவாகவும் உரக்கவும் ஒலிக்கக்கூடிய புது வாத்தியம் ஒன்று அவர் செய்ததாகக் குறித்திருக்கிறார்கள். மெதுவுக்கு இத்தாலிய மொழியில் 'பியானோ', உரத்ததற்கு 'ஃபோர்ட்டே'. அந்த இரட்டைப் பெயரில் பாதி மட்டும்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. 1720-ல் அவர் செய்த பியானோ ஒன்று நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது.

அதற்கு முன்பு ஐரோப்பாவில் செல்வாக்காக இருந்த வாத்தியம் ஹார்ப்ஸிகார்டு. பியானோவில் கம்பளி போர்த்த சிறு சுத்தி தந்தியை அடிக்கிறது. ஹார்ப்ஸிகார்டில் இறகின் தண்டால் செய்த சிறு முனை தந்தியைச் சுண்டுகிறது. அதன் தந்திகள் மெல்லியவை. அவற்றைச் சுற்றியிருக்கும் முளைகளும் சிறியவை. மரப் பலகையில் துளை போட்டு, முளையை அதில் இறுக்கமாகத் தட்டி இறக்கியிருப்பார்கள். மரம் காய்ந்தால் துளை தளரும், முளை வழுக்கும், சுருதி இறங்கும். அப்போது என்ன செய்வது? முளையை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டி இறக்க வேண்டியதுதான். அதற்காகத் திருகுகிற கருவியின் தலையிலேயே ஒரு சிறு சுத்தியலையும் வைத்துவிட்டார்கள். தந்தி முனையில் கண்ணி முறுக்குவதற்கு ஒரு கொக்கியும் சிலவற்றில் உண்டு. திருகலாம், தட்டலாம், முறுக்கலாம். பழைய நாளைய தொழிலாளி ஒரே கருவியில் மூன்று காரியத்தையும் முடித்துக்கொண்டான்.

பின்னால் தந்தி தடித்தது, முளை தடித்தது, கருவியின் உருவமும் மாறிப்போயிற்று. தட்டுகிற தலை மறைந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதில் நாம் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். இன்று கடலையிலிருந்து ஆட்டுவதும் எண்ணெய், தேங்காயிலிருந்து ஆட்டுவதும் எண்ணெய். பூமிக்கடியிலிருந்து இறைப்பது மண்ணெண்ணெய். எள் போய்விட்டது, பெயர் போகவில்லை. அதே கதைதான். ஜெர்மானியர்களும் இதைச் 'சுருதிச் சுத்தியல்' என்றே அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'சாவி' என்கிறார்கள். எதையும் நேராகச் சொல்லிப் பழகிய அமெரிக்கர்களில் பலர் 'நெம்புகோல்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

நெம்புகோல் என்ற பெயரில் நியாயம் இருக்கிறது. கிறிஸ்டோஃபோரி காலத்துப் பியானோவின் சட்டம் மரம். மரம் தாங்குகிற அளவுக்குத்தான் தந்தியை இழுத்துக் கட்டலாம். பெரிய மண்டபங்கள் வந்தன. பெரிய சத்தம் தேவைப்பட்டது. சத்தம் வேண்டுமானால் தடித்த தந்தி வேண்டும். தடித்த தந்தியை அதிக விசையோடு இழுத்துக் கட்ட வேண்டும். மரச் சட்டம் வளைந்தது. 1825-ல் பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் என்பவர் ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஊர்க்காரரான ஜோனாஸ் சிக்கரிங் 1843-ல் அதைப் பெரிய கிராண்டு பியானோவுக்குக் கொண்டு வந்தார். நியூயார்க்கின் ஸ்டைன்வே கம்பெனியார் 1859-ல், கிராண்டு பியானோவில் கீழ் ஸ்தாயித் தந்திகளை மற்றவற்றின் மேல் குறுக்காக ஓடவிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய கிராண்டு பியானோவில் எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை 16 டன்னிலிருந்து 20 டன் வரை இருக்கும். கூடத்தில் ஒரு மூலையில் சாதுவாக, மேலே பூ ஜாடி வைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பெட்டிக்குள் இத்தனை இழுபறி நடந்துகொண்டிருக்கிறது!

இதைப் பழைய நாள் சிறு சாவியால், இரண்டு விரல் பலத்தில் திருக முடியுமா? கைப்பிடி நீண்டது. தலை வளைந்தது. முளையின் தலை முதலில் நீள்சதுரமாக இருந்தது, பிறகு நாற்சதுரமாயிற்று. கருவியின் வாயோ எட்டு மூலையுள்ள நட்சத்திர வடிவம் பெற்றது. எட்டு மூலை எதற்கு? முளை எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், கருவியை அதன்மேல் எட்டு விதமாகப் பொருத்தலாம். கைக்கு வசதியான கோணம் எப்போதும் ஒன்று கிடைக்கும். யாரோ ஒரு தொழிலாளியின் தோள்வலி அந்த நட்சத்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பலம் மட்டும் போதாது. கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. முளையின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர். வட்டத்தை 360 பாகமாகப் பிரித்தால் அதில் ஒரே ஒரு பாகம் முளை திரும்பினால் போதும். நடு ஸ்தாயியில் தந்தியின் அதிர்வு விநாடிக்குப் பல எண்ணிக்கை ஏறிவிடும். தேர்ந்த கைக்கு அதிலும் சிறு பின்னம் வேண்டியிருக்கிறது. இதோடு, இரும்பு முளையும் மரமும் தந்தியும் சேர்ந்து இன்னொரு குறும்பு செய்கின்றன. கருவியை அழுத்தும்போது முளையின் தலை திரும்பிவிடும். மரத்துக்குள் இருக்கும் அடிப்பாகம் திரும்பியிருக்காது. கையை எடுத்ததும் முளை பழைய இடத்துக்கு நழுவும். ஆகையால் வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே கொண்டுபோய், அங்கிருந்து அதை மெல்ல இறக்கி உட்கார வைக்க வேண்டும். நடுநடுவே கட்டையை ஓங்கி அடித்துத் தந்தியின் இழுப்பைச் சமமாக்க வேண்டும். முளை உட்கார்ந்துவிட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. பாஸ்டனில் மேசன் அண்டு ஹாம்லின் கம்பெனியார் 1880-களில், மரத்தில் செருகிய முளைக்குப் பதிலாகத் திருகாணியால் தந்தியை இழுக்கும் பியானோக்களைச் செய்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். என்றாலும் உலகம் அதை ஏற்கவில்லை. மரமும் முளையும் உள்ளங்கையுமே ஜயித்தன.

பையில் இன்னும் சில சிறு கருவிகள் உண்டு. 1821-ல் எரார் குடும்பத்தார், ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்க உதவும் புதிய பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த வழியில் வளர்ந்த பியானோவின் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். அவற்றை மயிரிழை கூட்டிக் குறைக்கத் தனித்தனித் திருப்புளிகளும் இடுக்கிகளும் வந்தன. 1826-ல் பாரிஸில் பாப் என்பவர், சுத்திகளுக்குத் தோலுக்குப் பதிலாகக் கம்பளி போர்த்தும் முறையைக் கொண்டு வந்தார். கம்பளி அடிபட்டு அடிபட்டு இறுகினால் நாதம் கறாராகிவிடும். அதை ஊசியால் குத்தி இளக்குவதற்கு, மரப்பிடியில் இரண்டு மூன்று ஊசிகளைப் பதித்த ஒரு கருவி. பியானோவில் ஒரு மாறுதல் வந்தால், பையில் ஒரு சாமான் கூடியிருக்கும்.

இனி இசைக்கவை. இரண்டு கால் உள்ள எஃகுத் துண்டு. நம் பையன்கள் கல் எறிகிற கவட்டையைப் போல இருக்கும். முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தால் ஒரே ஒரு ஸ்வரம், கலப்படம் இல்லாமல் கேட்கும். 1711-ல் இங்கிலாந்தில் ராஜசபைத் தாரைக்காரர் ஜான் ஷோர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். லூட் என்ற தந்தி வாத்தியமும் வாசிப்பார். இசைக்கவை ஆயுசு கெட்டியான பொருள். அதனால் செத்துப்போனவர்களின் சுருதியைக்கூட அது நமக்குச் சொல்லிவிடுகிறது. ஹாண்டலுடையது என்று சொல்லப்படும் கவை விநாடிக்கு 422.5 தடவை அதிர்கிறது. பீத்தோவனிடமிருந்து வந்ததாகச் சொல்லும் இன்னொரு கவை 455.4. இரண்டும் ஒரே ஸ்வரத்துக்குத்தான்!

ஊருக்கு ஒரு சுருதி, கச்சேரிக்கு ஒரு சுருதி என்று இருந்த காலம் அது. சுருதி ஏறினால் சபைக்குக் கவர்ச்சி. பாடுகிறவருக்குத் தொண்டை வலி. பியானோவின் தந்திக்கு ஆபத்து. கிரேஃபெல்டு என்ற ஜெர்மன் ஊரில் ஜோஹான் ஷைப்லர் என்று ஒரு பட்டு நெசவு முதலாளி இருந்தார். பட்டு வியாபாரத்தோடு நிற்காமல், 56 இசைக்கவைகளை வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றும் முந்தியதைவிட விநாடிக்கு 4 அதிர்வு கூடுதலாக இருக்கும்படி அமைத்தார். 220-ல் தொடங்கி 440-ல் முடியும் வரிசை அது. 1834-ல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் 440-ஐப் பொதுச் சுருதியாகச் சிபாரிசு செய்தார். உலகம் உடனே கேட்டுவிடுமா? பிரெஞ்சு அரசாங்கம் 1859-ல் 435 என்று சட்டம் செய்தது. லண்டனில் 452 வரை ஏறிக் கிடந்தது. கடைசியில் 1939-ல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440 என்று முடிவு செய்தது. அதற்குச் சங்கீதம் சம்பந்தமில்லாத ஒரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 439 என்ற எண் பழக்கத்தில் இருந்தது. ஆனால் 439 எதனாலும் வகுபடாத பகா எண். வானொலிக்காரர்களின் மின்சாரக் கருவியில் அதை உண்டாக்குவது தொல்லை, 440 சுலபம். சுருதிமாதாவின் விவகாரத்தில் கணக்கு வாத்தியாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

ஆனால் இசைக்கவை ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் தரும். மிச்சம் 87 கட்டைகளுக்கு என்ன வழி? அங்கேதான் ஆப்பும் கம்பளி நாடாவும் வருகின்றன. ஒரு கட்டைக்கு மூன்று தந்தி என்றேன் அல்லவா? நாடாவைத் தந்திகளின் இடையே செருகினால் ஓரத் தந்திகள் வாயடைத்துவிடும். நடுத்தந்தி மட்டும் பேசும். முதலில் நடு ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரங்களையும் நடுத்தந்திகளில் சேர்த்துக்கொள்வார். பிறகு ஓரத் தந்திகளை ஒவ்வொன்றாக விடுவித்து நடுத்தந்தியோடு இழைப்பார். அங்கிருந்து மேலும் கீழும் ஸ்தாயி ஸ்தாயியாகப் பரப்பிக்கொண்டு போவார்.

இழைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? ஒன்றுக்கொன்று மிகச் சிறிதே வித்தியாசமான இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலித்தால், சத்தம் பெருகிப் பெருகி அடங்கும். ஒன்று 440, மற்றது 441 என்றால், விநாடிக்கு ஒரு தடவை. நம் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகங்களில் இதற்கு 'விம்மல்' என்று பெயர். எத்தனை அழகான பெயர்! சேராத இரண்டு தந்திகள் விம்முகின்றன. சேரச் சேர விம்மல் மெதுவாகி, ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. பியானோக்காரர் காது கொடுத்துக் கேட்பது ஸ்வரத்தைவிட விம்மலைத்தான்.

எல்லா விம்மலையும் நிறுத்திவிட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் ரகசியம். ச-ப உறவைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு தடவை ஏறிப்போனால், புறப்பட்ட ஸ்வரத்துக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து சேர வேண்டும். வருவதில்லை. அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதிகமாகிவிடுகிறது. இந்த உபரியை எங்கே ஒளிப்பது? பல நூற்றாண்டுகள் பலவிதமாக ஒளித்துப் பார்த்தார்கள். கடைசியில், தகப்பன் வைத்துவிட்டுப்போன கடனைப் பன்னிரண்டு பிள்ளைகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதுபோல, பன்னிரண்டு இடைவெளியிலும் துளித் துளியாகப் பகிர்ந்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் எல்லாமே கொஞ்சம் அபஸ்வரம். எதுவும் காதைக் கிழிக்காது. பியானோவின் நடுப்பகுதியில் ஒரு ச-ப சேர்க்கை நாலு விநாடிக்குச் சுமார் மூன்று தடவை விம்ம வேண்டும். ஒரு ச-க சேர்க்கை விநாடிக்குச் சுமார் ஏழு தடவை விம்ம வேண்டும். இந்த அளவான தவற்றைக் கடிகாரம் இல்லாமல் காதாலேயே அளந்து வைக்கிறவர்தான் தேர்ந்தவர்.

லண்டனில் பிராட்வுட் கம்பெனியில் ஆல்ஃபிரட் ஹிப்கின்ஸ் என்ற பையன் 1840-ல், பதினாலு வயதில், சுருதி சேர்க்கும் தொழில் பழகச் சேர்ந்தான். அந்தக் கம்பெனியில் 1846-ல் சமப் பங்கீட்டு முறையைப் புகுத்தியதில் அவனுக்கு முக்கியப் பங்கு உண்டு. பிற்காலத்தில் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற அறிஞர் உலகத்துச் சுருதிகளையெல்லாம் இசைக்கவையால் அளந்து, அரை ஸ்வரத்தை 100 பாகமாகப் பிரிக்கும் கணக்கை 1885-ல் நிலைநாட்டினார். அந்த எல்லிஸுக்கு ஸ்வர வித்தியாசம் கண்டுபிடிக்கும் காது இல்லை என்பது வேடிக்கை. கணக்கு அவருடையது, காதுக்கு ஹிப்கின்ஸ் துணை நின்றார்.

ஆனால் இந்தத் தொழிலின் கதையில் என் மனத்தை விட்டு அகலாத மனிதர் வேறொருவர். அவர் பெயர் குளோத் மொந்தால். பிரான்ஸில் 1800-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. பாரிஸில் பார்வையற்ற குழந்தைகளுக்காக வாலாந்தின் ஆவி என்பவர் ஏற்படுத்திய பள்ளியில் 1817-ல் சேர்ந்தார். தடவிப் படிக்கும் எழுத்தைப் பின்னால் உலகத்துக்குக் கொடுத்த லூயி பிரெயில் அங்கே மாணவனாக வந்தது 1819-ல். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

பள்ளியில் பியானோக்கள் இருந்தன. அவற்றைச் சுருதி சேர்க்க வெளியிலிருந்து கண்ணுள்ள ஒருவர் வந்துபோவார். அவருடைய வேலை மொந்தாலுக்குத் திருப்தியாக இல்லை. தூராஸ் என்ற இன்னொரு பார்வையற்ற மாணவரோடு சேர்ந்து, யாரும் இல்லாத வேளையில் தாமே முளைகளைத் திருகிப் பார்க்கத் தொடங்கினார். வந்துபோகிறவர் கண்டுபிடித்துவிட்டார். புகார் மேலே போயிற்று. பியானோவைத் தொடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு பிறந்தது.

உத்தரவு போட்டவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பார்வை இல்லாத பையன் ஒருவன், விலையுயர்ந்த வாத்தியத்தின் முளைகளில் இரும்பை மாட்டித் திருகினால் எந்த நிர்வாகிதான் சும்மா இருப்பார்? அவனிடம் பரிதாபப்படுவார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், கூடை பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். கருவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒருவனுக்குச் சோறு போடுவது சுலபம். அவனை நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பது கஷ்டம்.

பையன்கள் இரண்டு பேரும் சண்டை போடவில்லை. பழைய பியானோ ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். துண்டு துண்டாகக் கழற்றினார்கள். எந்தத் துண்டு எதற்கு என்பதை விரலால் படித்துக்கொண்டு, திரும்பப் பூட்டினார்கள். அது வாசித்தது! உத்தரவு தளர்ந்தது. பள்ளியின் வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே பிறகு அவர்களிடம் வந்தது. மொந்தால் தம்மைப் போன்ற மாணவர்களுக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார்.

1830-ல் பள்ளியை விட்டு வெளியே வந்து, பாரிஸ் நகரத்தில் தொழில் நடத்தப் புறப்பட்டார். வீடு வீடாகப் போய்ப் பியானோ பார்க்கும் வேலை. கதவைத் திறந்து அவருடைய முகத்தைப் பார்த்ததுமே பாதிப்பேருடைய நம்பிக்கை போய்விட்டிருக்கும். பெரிய சங்கீதக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் அவரிடம் கடினமான வேலை ஒன்றைக் கொடுத்தார். வெவ்வேறு இடத்தில் செய்யப்பட்ட இரண்டு பியானோக்களை, சேர்த்து வாசிக்கும்படி ஒன்றோடொன்று இழைத்துத் தர வேண்டும். மொந்தால் செய்து கொடுத்தார். பெயர் பரவிற்று. 1836-ல், 'பியானோவைத் தாமே சுருதி சேர்க்கும் கலை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய புத்தகம் எழுதி வெளியிட்டார். எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம், எப்படிச் சோதிப்பது, கருவியை எப்படிப் பிடிப்பது, தந்தி அறுந்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொன்ன புத்தகம். அதுவரையில் ஆசான் வாயாலும் கையாலும் மட்டும் வந்த வித்தையை ஒழுங்குபடுத்தி, ஊருக்கெல்லாம் எடுத்து வைத்தவர் பார்வையில்லாத ஒரு மனிதர். கண்ணுள்ளவர்கள் அதை வாங்கிப் படித்தார்கள்!

பிறகு பட்டறை வைத்துத் தாமே பியானோக்களைச் செய்து, கண்காட்சிகளில் பதக்கங்கள் பெற்றார். 1851-ல் பிரெஞ்சு அரசாங்கத்தின் லெஜியன் ஆஃப் ஆனர் விருது கிடைத்தது. 1865-ல் காலமானார். அவருக்குப் பின் அந்த வழியில் நூற்றுக்கணக்கானவர்கள் நடந்தார்கள். 1872-ல் லண்டனை அடுத்த அப்பர் நார்வுட்டில் பார்வையற்றவர்களுக்காக ஒரு கல்லூரி ஏற்பட்டது. அதை நிறுவிய ஆர்மிடேஜ், காம்ப்பெல் இருவருமே பார்வையை இழந்தவர்கள். பியானோச் சுருதித் தொழில் அங்கே முக்கியப் பாடம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பள்ளிகள் அப்படியே செய்தன. பரிதாபத்தை எதிர்பார்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துத் தெருவில் நடந்துபோய்ச் சம்பாதித்த சுதந்திர மனிதர்களை அந்தத் தொழில் உண்டாக்கிற்று. அவர்களுடைய கருவிகளை மறுபடியும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். நட்சத்திர வாய், ஆப்பு, நாடா, கவை. ஒன்றுக்காவது கண் தேவையா?

கண்ணால் பார்க்கும் கருவியும் ஒருநாள் வந்தது. 1936-ல் அமெரிக்காவின் கான் கம்பெனியார் 'ஸ்ட்ரோபோகான்' என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு ஸ்வரத்துக்குப் பன்னிரண்டு சுழலும் தட்டுகள். மின்னி மின்னி எரியும் வெளிச்சம். ஸ்வரம் சரியாக இருந்தால் தட்டில் உள்ள கோடுகள் நின்றதுபோல் தெரியும். ஏறினால் ஒரு பக்கமாக ஓடும், இறங்கினால் மறுபக்கம் ஓடும். இனிமேல் காதை நம்ப வேண்டியதில்லை அல்லவா?

ரெயில்ஸ்பேக் என்ற பௌதிக அறிஞர் இத்தகைய இயந்திரத்தால், தேர்ந்தவர்கள் காதால் சேர்த்த பியானோக்களை அளந்து 1938-ல் முடிவை வெளியிட்டார். அவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து பிசகியிருந்தார்கள். மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் கணக்கைவிடக் கூடுதல். கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் கணக்கைவிடக் குறைவு. ஒருவர் இருவர் என்றால் பிழை எனலாம். எல்லோரும் ஒரே திசையில் பிசகுவானேன்?

சில ஆண்டுகளில் காரணம் தெளிவாயிற்று. பியானோத் தந்தி தடித்த எஃகு. அதற்கு விறைப்பு உண்டு. ஆகையால் அதன் மேல் ஸ்தாயி எதிரொலிகள் கணக்குப்படி இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று அமையாமல் சற்று ஏறியே ஒலிக்கின்றன. கணக்குப்படி சேர்த்தால் அவை விம்மும். காதால் சேர்த்தவர்கள் விறைப்பைப் பற்றி ஒரு வரியும் படித்தவர்கள் அல்ல. விம்மல் அடங்கும் இடத்தில் முளையை நிறுத்தினார்கள். அந்த இடமே சரியான இடமாக இருந்தது. காதைச் சோதிக்க வந்த இயந்திரம், காதிடமிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டு திரும்பிற்று.

அதற்குப் பிறகு இயந்திரங்கள் கெட்டிக்காரத்தனம் அடைந்தன. 1980-களில் ஆல்பர்ட் சாண்டர்சன் என்ற அமெரிக்கர், தந்தியின் விறைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சிறு மின்னணுப் பெட்டிகளைச் செய்தார். இன்று அந்த வேலையைச் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி செய்கிறது. தொழில்காரர்களில் பலர் அதை உபயோகிக்கிறார்கள்; அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இசைக்கவை வந்த நாளிலும் யாராவது ஒரு கிழவர் முணுமுணுத்திருப்பார். ஆனாலும் 1957-ல் அமைந்த அமெரிக்கப் பியானோத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. புதியவர்களைப் பரீட்சை செய்யும்போது மதிப்பெண் போடுவது மின்னணுக் கருவி. ஆனால் எந்த அளவை வைத்து மதிப்பெண்? அனுபவசாலிகள் சிலர் ஒன்றுகூடி, அதே பியானோவைக் காதால் சேர்த்து, விவாதித்து, ஒத்துக்கொண்ட அளவை வைத்து.

கைப்பேசி எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று சொல்லும். முளை மரத்துக்குள் உட்கார்ந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. கருவியைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குத்தான் இன்றும் அது தெரிகிறது. ஆகையால் பையில் மற்றச் சாமான்கள் வந்தாலும் போனாலும், அடிக்காத அந்தச் சுத்தியல் மட்டும் இடம் மாறவில்லை.

அடுத்த தடவை வானொலியிலோ இசைத்தட்டிலோ ஒரு நல்ல பியானோக் கச்சேரி கேட்க நேர்ந்தால், வாசிக்கிறவரைப் புகழ்ந்து முடித்தபின் ஒரு விநாடி மிச்சம் வையுங்கள். தொடாதே என்று சொல்லப்பட்ட இரண்டு பையன்கள், கழற்றிப் போட்ட ஒரு பழைய பியானோவின் நடுவே தரையில் உட்கார்ந்து, எந்தத் துண்டு எங்கே சேரும் என்று விரலால் தேடிக்கொண்டிருந்ததை அந்த விநாடியில் நினைத்துப் பார்க்கலாம்.